இழந்தது உரிமை, உறவல்ல



வேதாகமத்தை ஊன்றிப் படிக்கின்றவர்கள் சில இடங்களில் திகைத்து நிற்பதுண்டு. யாக்கோபின் மூத்த மகனாகிய ரூபனின் வரலாறு அவற்றுள் ஒன்றாகும்.

ரூபனின் சேஷ்டபுத்திர சுதந்தரம் யோசேப்பின் குமாரருக்குக் கொடுக்கப்பட்டதாக 1 நாளாகமம் 5:1 கூறுகின்றது. எண்ணாகமம் 26:5 இல் அவன் இஸ்ரவேலின் மூத்த குமாரன் என்றே அழைக்கப்படுகின்றான். உபாகமம் 21:15-17 ஆகிய வசனங்களோ, வெறுக்கப்பட்ட மனைவியின் மகன் மூத்தவனாயிருக்கையில், நேசிக்கப்பட்ட மனைவியின் மகனுக்கு அவ்வுரிமையைக் கொடுக்கலாகாது என்கின்றன. ரூபன் லேயாளின் மகன். யோசேப்போ யாக்கோபு நேசித்த ராகேலின் மகன். அவ்வாறாயின் வேதம் தனக்குத்தானே முரண்படுகின்றதா?

இல்லை. உபாகமம் தடைசெய்வது தகப்பனின் பாரபட்சத்தை. யாக்கோபிடம் பாரபட்சம் இருந்தது உண்மையே. யோசேப்புக்கு அவன் கொடுத்த பலவருண அங்கி அதற்குச் சாட்சி. ஆனால் ரூபன் உரிமையை இழந்ததற்கு நாளாகமம் காட்டும் காரணம் அதுவன்று. தகப்பனின் மறுமனையாட்டியாகிய பில்காளோடு சேர்ந்து, தகப்பனின் மஞ்சத்தை அவன் தீட்டுப்படுத்தினான். யாக்கோபு அதனைக் கேள்விப்பட்டான் என்பதோடு ஆதியாகமம் 35:22 நின்றுவிடுகின்றது. மரணப்படுக்கையிலேயே அவன் வாய்திறந்து தீர்ப்புரைத்தான். மூத்தவனுக்குரிய இரட்டைப் பங்கு, எப்பிராயீம், மனாசே என்னும் இரு கோத்திரங்களாக யோசேப்பின் வழிக்குச் சென்றது. ஆளுகை யூதாவுக்குச் சென்றது.

ஆயினும் பிறப்பின் முறைமையை எவரும் மாற்றவில்லை. உரிமை வேறு, உறவு வேறு. இதை உணர்ந்தால் முரண்பாடு விலகிவிடும்.

அதுமட்டுமல்ல. யோசேப்பைக் கொல்லத் துணிந்த சகோதரரிடமிருந்து அவனைத் தப்புவிக்க முயன்றவன் ரூபனே. அவன் கோத்திரம் அழியாது பிழைக்கவேண்டுமென மோசே தன் இறுதி ஆசீர்வாதத்தில் வேண்டினான். எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட நகரத்தின் வாசல்களுள் முதலாவதாகக் கூறப்படுவது ரூபனின் வாசல். வெளிப்படுத்தல் 7ஆம் அதிகாரத்திலும் யூதாவுக்கு அடுத்ததாக அவன் பெயரே வருகின்றது.

பாவத்தின் விளைவைத் தேவன் இல்லாததாக்குவதில்லை. பாவம் செய்தவனின் பெயரை அழித்துவிடுவதுமில்லை. நாமோ இவ்விரண்டிலும் தவறிவிடுகின்றோம். நமக்குப் பிரியமான பிள்ளையின் குற்றத்தை மூடிமறைக்கின்றோம். பிரியமற்ற பிள்ளை விழுந்துவிட்டால், "இவன் என் பிள்ளையே அல்ல" என்று வாசலை அடைக்கின்றோம். காணியையும் வீட்டையும் பங்கிடும் வேளையில் எத்தனை குடும்பங்கள் இவ்வாறு பிரிந்துபோகின்றன!

பெற்றோரே, உங்கள் தீர்ப்பில் நீதி இருக்கட்டும், பாரபட்சம் வேண்டாம். தவறிழைத்த மகனே, மகளே, இழந்த சில காரியங்கள் மீண்டும் கிடைக்காமற் போகலாம். ஆனால் ரூபனுக்கும் ஒரு வாசலை வைத்த தேவன் உங்களை மறக்கவில்லை. அவரிடம் திரும்புங்கள்.