வாக்கில்லாதோரின் வாக்கு

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் புலம்பெயர்ந்து வாழும் எம்மிடையே ஆய்வாளர்கள் பெருகிவிடுகின்றனர். வாக்குச்சீட்டு எமது கைக்கு வருவதில்லை. எனினும், யாருக்கு வாக்களிப்பது என்று ஊரிலுள்ளோர்க்குக் கட்டளையிட நாம் தயங்குவதுமில்லை.

2005 நவம்பரில் ரணில் விக்கிரமசிங்கவும் மகிந்த ராஜபக்சவும் போட்டியிட்டபோது, ‘இருவரும் ஒன்றே’ என்று எழுதியோருள் நானும் ஒருவன். ஒருவர் 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர். மற்றவர் ஒற்றையாட்சியை வலியுறுத்தி ஜே.வி.பி.யுடன் ஒப்பந்தம் செய்தவர். இவ்வேறுபாட்டை நிறுத்துப் பார்க்கும் உழைப்பை நான் தவிர்த்தேன். யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. மகிந்த ஏறத்தாழ ஓர் இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால் வென்றார். முடிவு மாறியிருந்தால் போர் மூண்டிராது என்று எவரும் உறுதிகூற இயலாது. ஆயினும், 2009இல் முடிந்த அப்போரின் விலையைச் செலுத்தியவர்கள் வன்னி மக்கள், நானல்லன்.

2010 ஜனவரியில் அப்போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கே வடக்கு கிழக்கில் பெரும்பான்மை வாக்குகள் விழுந்தன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரையே ஆதரித்தது. மிகக் கசப்பான தெரிவு. ஆனால் கசப்பிலும் ஏற்றத்தாழ்வு உண்டென்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர்.

பக்கம் சார்ந்து எழுதுவது பிழையன்று. சார்பை மறைப்பதும், பிறர் செலுத்தப்போகும் விலையை மறப்பதுமே பிழை. அடுத்த தேர்தலிலும் நாம் எழுதத்தான் போகிறோம். எழுதுமுன் ஒன்றை எம்மையே கேட்டுக்கொள்வோம்: எமது கணிப்புத் தவறினால், இழவு விழுவது யார் வீட்டில்?