ஆக்சிலேட்டர் திரும்பாவிட்டால்

மைசூர் யாதவகிரியில் செய்த ஜாவாவையோ யெஸ்டியையோ ஓட்டியவர்கள் அதன் கியர் லீவரை மறந்திருக்க மாட்டார்கள். உள்ளே தள்ளி மேலே தூக்கினால் அதுவே கிக்கர். ஓடும்போது மிதித்தால் கையால் பிடிக்காமலே கிளட்ச் விலகும்; காலை எடுத்தால்தான் மறுபடி சேரும். 1960-இல் ஃபரோக் ஈரானி தொடங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம் செக்கோஸ்லோவாக்கிய உரிமத்தில் இந்த வண்டிகளைச் செய்தது. 1973-இல் வண்டிகளின் பெயர் யெஸ்டி ஆனது, 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. கியர் போடச் சோம்பல்படுகிறவனுக்காகச் செய்த வசதி என்று அந்தக் கிளட்சைப் பலர் கேலி செய்ததுண்டு. ஆனால் ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் இன்ஜினைச் சக்கரத்திலிருந்து பிரிக்க அதில் ஒன்றுக்கு இரண்டு வழி இருந்தது. செய்ய வேண்டியதும் அந்தப் பிரிப்புதான்.

ஆனால் அந்த நேரத்தில் கை வேறு எதையோ செய்கிறது. கிரிப்பை விட்டும் இன்ஜின் சத்தம் இறங்கவில்லை என்றதும் யாரானாலும் கிரிப்பை முன்பக்கமாக அழுத்தித் திருப்புவார்கள். ஒற்றை ஆக்சிலேட்டர் ஒயர் உள்ள வண்டியில் அதனால் பயனில்லை. கயிற்றைப் போல அந்த ஒயரும் இழுக்கும், தள்ளாது. கார்புரேட்டரின் ஸ்லைடைக் கீழே இறக்குவது அதன் மேலிருக்கும் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கால் முடியாததை மேலே கிரிப்பை முறுக்கும் கையாலும் செய்ய முடியாது. பெரிய வண்டிகள் பலவற்றில் திறக்க ஒன்று, மூட ஒன்று என இரண்டு ஒயர் உண்டு. அவற்றில் ஒரு தடவை அழுத்தமாக மூடிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும்.

அடுத்து எல்லோரும் போவது பிரேக்குக்கு. முன் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே வலது கையில் இருப்பதுதான் சிக்கல். பதற்றத்தில் விரல்கள் லீவரை இழுக்கும்போதே உள்ளங்கை கிரிப்பைப் பின்னால் உருட்டிவிடும். வண்டி நிற்க வேண்டிய நேரத்தில் இன்னும் முறுக்கு ஏறும். நல்ல பிரேக் இன்ஜினை அடக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் மைசூரிலிருந்து சத்தியமங்கலம் இறங்குகிறவர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த மல்லுக்கட்டை நடத்த விரும்பமாட்டார்.

ஆகவே முதல் வேலை இடது கைக்கு. கிளட்ச்சை முழுக்கப் பிடித்து, விடாமல் வைத்திருக்க வேண்டும். இன்ஜின் அலறும். ‘இன்ஜின் வெடிச்சிடும்’ என்று பயந்து கிளட்ச்சை விட்டுவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைய வண்டிகள் பலவற்றில் சுழற்சி ஓர் அளவுக்கு மேல் போகாமல் இக்னிஷனே தடுத்துவிடும். பழைய டூ ஸ்ட்ரோக்கில் அந்தத் தடுப்பு கிடையாது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளவும் கூடும். பிடிக்கட்டும், அது போரிங் கடையோடு முடிகிற செலவு. கிளட்ச் விலகியதும் வண்டி வெறுமனே உருள்கிறது, பிரேக் எதனோடும் போராட வேண்டியதில்லை. இறக்கமானால் இன்ஜினின் பிடிமானமும் போய்விடுவதால், கிளட்ச் பிடித்த கையோடு இரண்டு பிரேக்கையும் படிப்படியாக அழுத்திச் சாலையின் இடது ஓரத்துக்கு வந்துவிட வேண்டும்.

வலது கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் கில் சுவிட்ச் இருந்தால் கிளட்ச் பிடித்ததுமே அதை அமுக்கலாம். கியரில் ஓடும்போது கிளட்ச் பிடிக்காமல் அமுக்கினால் பின்சக்கரம் சட்டென்று இழுபடும். மழை ஈரத்தில், வளைவில், அது வழுக்கப் போதும். இரவானால் சாவியைவிடக் கில் சுவிட்ச் மேல். சாவியைத் திருப்பினால் விளக்கும் சேர்ந்து அணைந்து, எதிரே சாலையே தெரியாமல் போகும். கில் சுவிட்ச் இல்லாத வண்டிகளும் ஏராளம். அவற்றில் கிளட்ச்சை விடாமல் நின்று, வலது காலால் பின் பிரேக்கை மிதித்தபடி வலது கையால் சாவியைத் திருப்ப வேண்டும்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது, எப்படி அணைகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துவைக்க வேண்டிய அவசியத்துக்கு ஒரு கார் விபத்து சாட்சி. 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, இரவல் கொடுக்கப்பட்ட லெக்ஸஸ் காரில், வேறு மாடலுக்கான தரைவிரிப்பு ஆக்சிலேட்டர் பெடலைப் பிடித்துக்கொண்டது. நால்வர் இறந்தனர். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, ஓட்டத் தெரியாதவர் அல்ல. அந்தக் காரை ஓடும்போது அணைக்க பட்டனை ஏறக்குறைய மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. நஞ்சன்கூடு சாலையில் டிவிஎஸ் ஆலை இருக்கும் மைசூரிலும் சரி, மதுரையிலும் சரி, தெருவில் ஸ்கூட்டர்கள் ஏராளம். பிடிக்கக் கிளட்ச் லீவர் கிடையாது. உள்ளே இருக்கும் கிளட்ச் இன்ஜின் வேகத்தால் சேர்வது. வேகம் இறங்கினால் தானே விலகிவிடும். ஆகவே இங்கே இன்ஜினை அணைப்பதே வழி. இடது கை பிரேக்கைப் பிடித்திருக்க, வலது கையை கிரிப்பிலிருந்து எடுத்து சாவியை ஆஃபுக்குத் திருப்ப வேண்டும், அதற்கு மேல் திருகக் கூடாது. சேர்ந்து இயங்கும் பிரேக் உள்ள வண்டியானால் இடது லீவரே முன்சக்கரத்தையும் ஓரளவு பிடிக்கும்.

பழைய டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு விசித்திரம் உண்டு. கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ரப்பரோ கேஸ்கட்டோ விரிந்து காற்று புகுந்தால், ஸ்லைடு முழுக்க மூடியிருந்தும் வண்டி ரேஸ் ஆகும். சில நேரம் உள்ளே கரி கனன்றுகொண்டிருப்பதால் சாவியை எடுத்த பிறகும் ஓடும். அப்போது வண்டியை நிறுத்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு மூச்சை நிறுத்துவதுதான் முறை. ஆக்சிலேட்டர் ஒயரை மாற்றிப் பயனில்லை.

மற்றபடி பெரும்பாலும் குற்றவாளி ஒயர்தான். முழுசாக அறுந்த ஒயரால் ஆபத்து குறைவு, வண்டி ஐடிலுக்கு வந்து நின்றுவிடும். பாதி பிரிந்ததுதான் பொல்லாதது. கிரிப்பின் கூட்டைக் கழற்றி, ஒயரின் நுனியில் ஈயக்குண்டு சேரும் இடத்தைப் பாருங்கள். தலைமுடி அளவு கம்பி ஒன்றிரண்டு சிலிர்த்து நின்றால் ‘ஒயர் பிரி விட்டிருக்கு’ என்பார் மெக்கானிக். அந்தச் சிலிர்த்த கம்பிதான் உறையின் வாயில் குத்தி, ஒயரைத் திரும்பவிடாமல் பிடிக்கிறது. எண்ணெய் விட்டு ஒப்பேற்றக் கூடாது, மாற்ற வேண்டும்.

புல்லட்டுக்கு உயரமான ஹேண்டில்பார் போட்டுக்கொள்கிறவர்கள் பழைய நீள ஒயரையே விட்டுவைப்பது இன்னொரு வினை. நேரே போகும்போது ஒன்றும் தெரியாது. யூ டர்ன் அடிக்கையில் ஒயர் இழுபட்டு வண்டி தானே பாயும். கிரிப் ரப்பர் நழுவி ஹேண்டில் முனைக் குண்டில் உரசுவதும், கார்புரேட்டரின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி ஸ்லைடின் பாதை நெளிந்துவிடுவதும் அடிக்கடி நடப்பவை. இரண்டையும் நம் ஊர்க் கடைகள் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றன.

சோதிக்கக் கருவி ஏதும் வேண்டாம். இன்ஜின் அணைந்திருக்கும்போது கிரிப்பை முழுக்கத் திருகி விட்டால் ‘டக்’கென்று திரும்ப வேண்டும். ஹேண்டிலை இடது கோடியிலும் வலது கோடியிலும் வைத்து அதையே செய்து பாருங்கள். பிறகு நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் கொஞ்சம் ஏறினாலும் ஒயர் குட்டை, அல்லது எங்கோ நசுங்குகிறது. புது ஒயர் போட்ட கடையிலேயே, மெக்கானிக் பக்கத்தில் நிற்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். காசை அதற்கப்புறம் கொடுக்கலாம்.