வயிறு முட்டினால் மேய்ந்ததாகுமா?

"காலையில அவிழ்த்து விட்டா சாயங்காலம் வயிறு முட்ட வருது சார், தீவனம் எதுக்கு?" என்கிறார் திருமுல்லைவாயிலில் எங்கள் தெரு மாட்டுக்காரர்.

வயிற்றைப் பார்த்தால் கணக்கு தெரியாது. பணியில் இருந்தபோது சாணத்தை உலர்த்தி எடை போட்டவன் நான். செரிக்காத குரோமிக் ஆக்சைடு என்ற பச்சைப் பொடியைத் தினமும் 10 கிராம் மாட்டுக்குக் கொடுப்போம். சில நாள் கழித்து, ஒரு கிலோ உலர்ந்த சாணத்தில் 5 கிராம் பொடி இருந்தால், நாளொன்றுக்கு அது போடும் சாணம் உலர் எடையில் 2 கிலோ. தீனியில் 60 சதவீதம் செரித்தால், அந்த 2 கிலோ மீதி 40 சதவீதம். ஆக, தின்றது 5 கிலோ.

செரித்த அளவைத்தான் கண்டுபிடிப்பது சிரமம். புல்லில் உள்ள, அமிலத்தில் கரையாத சாம்பல், சாணத்தில் எத்தனை மடங்கு கூடியது என்று பார்ப்பார்கள். காலி மனையில் மேயும் மாடு புழுதியும் சேர்த்துத் தின்னும். அதுவும் அதே சாம்பல்தான். எனவே செரிமானம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும், தின்றதும் கூடத் தெரியும்! விழுங்கிய பிளாஸ்டிக் பையோ பெரும்பாலும் சாணத்தில் வராமல் வயிற்றிலேயே தங்கிவிடும்.

பக்கத்தில் மாதவரத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேய்ச்சல் நிலத்து மாட்டை அளப்பது போல, புழுதிக்கும் கணக்கு வைத்து நம் தெரு மாடுகளையும் அளந்து சொல்ல வேண்டும். அதுவரை, சாயங்காலம் ஒரு கட்டு பசும்புல்லாவது போடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.