நாய்க்குப் படிக்கத் தெரியாது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்தச் செல்லப்பிராணிக் கடைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு அப்பா, ஒரு பெண் குழந்தை, கயிற்றில் ஒரு லாப்ரடார். சுவர் முழுக்கப் பாக்கெட்டுகள். எலும்பு வடிவத்தில் பிஸ்கட், பச்சைக் கலரில் பல் தேய்க்கும் குச்சி, முடிச்சுப் போட்ட தோல் எலும்பு... "எதை வாங்கலாம்?" என்று அப்பா கேட்கிறார். கடைக்காரர் விலை அதிகமானதைக் கை காட்டுகிறார். அப்பாவும் அதையே வாங்குகிறார். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. அப்பாவுக்கு நேரமில்லை, குழந்தைக்கு அக்கறையில்லை, சாப்பிடப் போகிற ஆளுக்கோ படிக்கத் தெரியாது!

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்கிறார்: "ஏன்டா, கேப்பை மாவுல ஒரு ரொட்டி தட்டிப் போட்டா இது திங்காதா?" எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சிரிக்க வேண்டிய விஷயமே இல்லை. பாட்டி சொன்னதுதான் சரி. ஆனால் அதே பாட்டி பொங்கலன்று ஆசையாய் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை நாயின் தட்டில் வைப்பாரே, அது தப்பு. பெரிய தப்பு. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

பிஸ்கட் வந்த கதை

நாய்க்கென்று தனியாக பிஸ்கட் வேண்டும் என்பது ஏதோ விஞ்ஞானம் கண்டுபிடித்த உண்மை மாதிரி எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதை வேறு. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்பதற்காக லண்டனுக்குப் போனவர். அங்கே துறைமுகத்தில், மாலுமிகள் வீசியெறிந்த கல் போன்ற கப்பல் ரொட்டியைத் தெருநாய்கள் தின்பதைப் பார்த்தாராம். 1860 வாக்கில் கோதுமை, காய்கறி, இறைச்சி கலந்து நாய் கேக் என்று விற்க ஆரம்பித்தார். விளம்பரத்தில் புலி. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட் என்பவர்தான் 1891ல் லண்டனில் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். உலகப் புகழ் பெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சி அதுதான். பிஸ்கட் விற்கிறவரிடம் தொழில் கற்றவர், உயர்ஜாதி நாய் என்றால் எப்படியிருக்க வேண்டும் என்று ஊருக்கே காட்டினார். எப்படி இருக்கிறது வியாபாரம்?

ஆக, மாலுமி தின்று மிஞ்சிய ரொட்டியைப் பார்த்துப் பிறந்ததுதான் நாய் பிஸ்கட். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே பிஸ்கட், "வீட்டு ரொட்டி நாய்க்கு ஆகாது" என்று பாட்டிக்கே பாடம் எடுக்கிறது!

பாக்கெட் போட்டால் பாதுகாப்பா?

"கடையில விக்கிறாங்கன்னா செக் பண்ணித்தானே விப்பாங்க" என்பது அடுத்த வாதம். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நடந்ததை இவர்களுக்கு யாராவது சொன்னால் தேவலை. கனடாவைச் சேர்ந்த மெனு ஃபுட்ஸ் என்ற தயாரிப்பாளர், நாய், பூனை உணவு டப்பாக்களையும் பைகளையும் 6 கோடிக்கு மேல் திரும்பப் பெற வேண்டி வந்தது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் சமாசாரம். பரிசோதனையில் நைட்ரஜன் அளவை வைத்துத்தான் புரதத்தைக் கணக்கிடுவார்கள், மெலமினில் நைட்ரஜன் அதிகம். அதனால் புரதம் கூடுதலாக இருப்பது போலக் கணக்கு காட்டும். கணக்கில் புரதம், வயிற்றில் சிறுநீரகக் கல். செல்லப்பிராணிகள் செத்துப்போயின. இதில் கவனிக்க வேண்டியது, மலிவு பிராண்டும் உயர்ந்த பிராண்டும் ஒரே தொழிற்சாலையில் தயாராகியிருந்தன என்பதுதான். விலை அதிகம் கொடுத்தவருக்கும் அதே கதிதான்.

அது சாப்பாடு, தின்பண்டம் இல்லையே என்பவர்களுக்கும் உதாரணம் உண்டு. அதே 2007 முதல், உலர்த்திய கோழி இறைச்சித் துண்டுகளைத் தின்ற நாய்களுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்குப் புகார்கள் வர ஆரம்பித்தன. 2014க்குள் புகார்களில் சொல்லப்பட்ட நாய் மரணங்கள் மட்டும் 1000ஐத் தாண்டின. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும் காரணம் இதுதான் என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அத்தனை பெரிய ஆய்வகங்களாலேயே கண்டுபிடிக்க முடியாததைக் கடைக்காரர் கண்டுபிடித்துச் சொல்வாரா என்ன?

பாக்கெட்டில் வருவதெல்லாம் விஷம் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல தயாரிப்புகளும் உண்டு. ஆனால் "பாக்கெட்" என்ற ஒன்றே உத்தரவாதம் ஆகாது. அந்தத் தோல் எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிலில் செருப்புக்கும் பைக்கும் மேல்தோல் போன பிறகு மிஞ்சும் உள்தோல் அது. துண்டாகப் பிய்த்து விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இதுதான் அன்பளிப்பு.

"எங்க டாமிக்கு தினம் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்"

கடைக்குப் போகாதவர்கள் செய்வது இன்னொரு கூத்து. டீயோடு வைத்த பிஸ்கட்டில் பாதி நாய்க்கு. மனிதக் குழந்தைக்குச் செய்த பிஸ்கட் அது. 100 கிராமில் சுமார் 450 கலோரி, கால் பங்கு சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி மைதாவும் எண்ணெயும்.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு சுலபமானது. ஒரு நாளைய மொத்த உணவில் தின்பண்டம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருத்தடை செய்த, 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 600 கலோரி போதும். அப்படியானால் தின்பண்டத்துக்கு 60 கலோரி. குட்டி பிஸ்கட் மூன்றிலேயே கோட்டா முடிந்தது! அதற்குப் பிறகு அப்பா கொடுப்பது, அண்ணன் கொடுப்பது, பக்கத்து வீட்டு மாமி கொடுப்பது எல்லாம் இடுப்பில் போய்ச் சேரும். பிறகு, "இந்த ஜாதி நாயே கொஞ்சம் குண்டாத்தான் இருக்கும்" என்று ஒரு சமாதானம்.

வீட்டில் செய்தால் எல்லாம் அமிர்தமா?

இங்கேதான் பாட்டியோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. வீட்டில் செய்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

சர்க்கரைப் பொங்கலில் உலர் திராட்சை இருக்கிறது. திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஒரு நாய் தப்பித்துவிடும், இன்னொன்று கொஞ்சம் தின்றே படுத்துவிடும். "போன வருஷமும் தின்னுச்சே, ஒண்ணும் ஆகலையே" என்ற வாதம் அதனால்தான் செல்லாது.

இதற்குக் காரணம் திராட்சையிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021ல் அமெரிக்க நச்சியல் மருத்துவர்கள் சொன்னார்கள். அதே அமிலம் நிறைய உள்ள இன்னொரு பொருள் எது தெரியுமா? புளி! புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022ல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. சாம்பார் சாதம், ரசம் சாதம், புளியோதரை என்று தினமும் தட்டில் வைக்கும் வீடுகள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாம்பாரில் வெங்காயமும் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேக வைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் மசாலாவும் கொழுப்பும் போக, வெந்த எலும்பு வேறு. வெந்த எலும்பு கூர்கூராய் உடைந்து குடலைக் கிழிக்கும். சாக்லேட் கூடாது. பாயசத்தில் போடும் ஜாதிக்காய் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் சேர்க்கும் சைலிட்டால் ஒரு துளியும் கூடாது. அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும்.

"நாங்க சாப்பிடறதைத்தானே கொடுக்குறோம்" என்பதில் அன்பு இருக்கிறது, அறிவு இல்லை. இரண்டும் வேண்டும்.

ஒரு எதிர்வாதம்

"வீட்டுச் சமையல் நாய்க்குப் போதாதுன்னு ஆராய்ச்சியே சொல்லுதே?" என்பார்கள். உண்மைதான். 2013ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், வீட்டில் செய்யும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளை அலசினார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைவாக இருந்தது.

ஆனால் அது மூன்று வேளைச் சாப்பாட்டைப் பற்றிய ஆய்வு. தின்பண்டம் 10 சதவீதத்துக்குள் அடங்கும் சமாசாரம். மீதி 90 சதவீதம் சரிவிகித உணவாக இருந்தால், ஒரு துண்டு வேக வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கால் எந்தச் சத்தும் குறைந்துவிடாது. சாப்பாட்டுக்குச் சொன்னதைத் தூக்கிப் பலகாரத்தின் மேல் போட்டு மிரட்டுவது வியாபாரத் தந்திரம்.

"நாய் ஓநாய் வம்சம், அதுக்குத் தானியமே ஆகாது" என்பது இன்னொரு கதை. 2013ல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள், நாய்க்கு 4 முதல் 30 வரை. மனிதனோடு சேர்ந்து சோறு தின்று தின்றே நாய் நாயானது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் கம்பும் கேழ்வரகும் விளைந்த மண்ணில், கூழும் கஞ்சியும் குடித்து வளர்ந்த ஜாதிகள். அதில் ராஜபாளையத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005ல் தபால்தலையே வெளியிட்டது. அதற்குப் போய் "கிரெய்ன் ஃப்ரீ" பாக்கெட்டா?

சரி, என்னதான் செய்வது?

100 கிராம் கேழ்வரகு மாவு, ஒரு முட்டை, வேக வைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். உப்பு, சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். கெட்டியாகப் பிசைந்து, தோசைக்கல்லில் மெல்லிய அடையாகத் தட்டி, கத்தியால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, சின்னத் தீயில் இருபுறமும் நன்றாக வேகும்வரை விட வேண்டும். முட்டை இருப்பதால் நடுவில் ஈரம் நிற்கக் கூடாது. ஆறியதும் உடைத்தால் 60 துண்டு வரும். ஒரு துண்டு சுமார் 7 கலோரி. அந்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு எட்டுத் துண்டு தாராளம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். பூஞ்சை பிடித்தால் குப்பைக்கு, "நாய்தானே" என்று தட்டுக்கு அல்ல.

அதற்கும் சோம்பலா? வேக வைத்த காரட், விதை நீக்கிய ஆப்பிள் துண்டு, மசாலா போடாமல் வேக வைத்த எலும்பில்லாத கோழி... போதும். புதிதாக எதைக் கொடுத்தாலும் முதல் நாள் ஒரே துண்டு. ஏற்கெனவே நோய் இருக்கும் நாயென்றால் மருத்துவரைக் கேட்ட பிறகு.

நாயைப் பழக்குகிறவர்கள் பரிசாகக் கொடுக்கும் துண்டு சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதற்கே நாய் வாலை ஆட்டிக்கொண்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். நாய்க்கு வேண்டியது துண்டும், அதைக் கொடுக்கிற கையும். மூன்று அடுக்கு கேக் வாங்கி, தொப்பி மாட்டி, மெழுகுவர்த்தி ஏற்றிப் பிறந்தநாள் கொண்டாடுகிறார்களே, அது யாருக்கு? போட்டோவைப் பாருங்கள். நாயைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

வீட்டில் செய்வதன் பெருமை அது மலிவு என்பதிலோ இயற்கை என்பதிலோ இல்லை. செய்கிறவருக்கு உள்ளே என்ன போட்டோம் என்று தெரியும். தெரிந்தால் பொறுப்பும் கூடவே வரும். பாக்கெட் வாங்குகிறவர் அந்தப் பொறுப்பை யாரோ முகம் தெரியாத தொழிற்சாலையிடம் கொடுத்துவிடுகிறார். சாம்பார் சாதம் வைக்கிறவர் அப்படியொரு பொறுப்பு இருப்பதையே நினைப்பதில்லை.

நாய் இரண்டையும் ஒரே சந்தோஷத்தோடு தின்னும். எதைக் கொடுத்தாலும் நம்பித் தின்னும். அதற்குப் படிக்கத் தெரியாது. அதை வளர்க்கிறவருக்குத் தெரியும். அவராவது படிக்க வேண்டாமா?