ஒரே முகவரி, இரண்டு கேபிள்... எது உயிரோடு இருக்கிறது?

வங்கி ஆப்பில் பேலன்ஸ் பார்க்கிறீர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள், கேஸ் சிலிண்டர் புக் செய்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் போனிலிருந்து கிளம்பும் கேள்வி, எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக ஓடும் சர்வருக்குப் போய்ச் சேருகிறது. முக்கியமான சர்வர்களின் பின்பக்கத்தைப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுக்கு இரண்டாக நெட்வொர்க் கேபிள்கள் செருகியிருப்பார்கள். ஆனால், வெளியுலகுக்கு அந்த இரண்டுக்கும் சேர்த்து ஐ.பி முகவரி ஒன்றே ஒன்றுதான்.

ஏன் இந்த ஏற்பாடு? கேபிளை எலி கடிக்கலாம், செருகும் போர்ட் பழுதாகலாம், மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச் நின்றுபோகலாம். அப்படி ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்க வேண்டும். லினக்ஸ் சர்வர்களில் இதை 'பாண்டிங்' என்பார்கள். விண்டோஸ் சர்வர்களில் 'டீமிங்'. இதில் எளிய முறை, ஒரு கேபிள் வேலை செய்ய, மற்றது காத்திருப்பது. இணைப்பு இருக்கிறதா என்று விநாடிக்கு 10 முறை சோதிக்கும்படி அமைப்பது வழக்கம். முதல் கேபிள் அறுந்தால் அடுத்தது கண்ணிமைக்கும் நேரத்தில் பொறுப்பேற்றுக்கொள்ளும். பணம் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது.

ஒரே வீட்டில் இரண்டு கருவிகளுக்குத் தவறுதலாக ஒரே முகவரி விழுந்து, இரண்டுமே தடுமாறுவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது 'ஐ.பி மோதல்'. அது வேறு, இது வேறு. இங்கே முகவரியைப் பகிர்வது திட்டமிட்டே செய்வது.

பச்சை விளக்கு மறைப்பது என்ன?

நல்ல ஏற்பாடுதான். ஆனால், சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சர்வர் நலமாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்காணிப்பு மென்பொருள்கள் உண்டு. அவை செய்யும் முதல் வேலை 'பிங்'. அந்த முகவரிக்கு ஒரு சிறு தகவலை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது. 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் இதை எழுதினார். நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஓசையிலிருந்து வந்த பெயர் அது. பதில் வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

இப்போது ஒரு கேபிள் செத்துவிட்டது என்று வையுங்கள். மற்றது உடனே வேலையை எடுத்துக்கொள்கிறது. முகவரி அதேதான், பிங்குக்குப் பதிலும் வருகிறது. திரையில் பச்சை விளக்கு. ஒரு வாரம், ஒரு மாதம், ஆறு மாதம்... பச்சைதான்! மாற்று இல்லாமல் ஒற்றைக் கேபிளில் சர்வர் தொங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. அந்த ஒற்றைக் கேபிளும் போகும் நாளில்தான் சிவப்பு எரியும். அப்போது ஆப் திறக்காது, கவுன்டரில் வரிசை நீளும்.

காரில் இருக்கும் ஸ்டெப்னி டயர் மாதிரிதான் இதுவும். அதில் காற்று இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நடுவழியில் டயர் பஞ்சரான பிறகுதான், ஸ்டெப்னியும் எப்போதோ சப்பையாகிவிட்டது தெரியவரும்.

முகவரியை விட்டு, போர்ட்டைப் பாருங்கள்

தீர்வு கஷ்டமானதல்ல. முகவரியைக் கேட்டால் ஒரு பதில்தான் வரும். ஆகவே ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியாகக் கண்காணிக்க வேண்டும். லினக்ஸில் எந்த போர்ட் உயிரோடு இருக்கிறது, எத்தனை முறை இணைப்பு அறுந்தது என்ற கணக்கு போர்ட் வாரியாகவே கிடைக்கும். பாண்டிங்கில் வழக்கமாக இரண்டு போர்ட்டுகளும் ஒரே வன்பொருள் எண்ணைக்கூடக் காட்டிக்கொள்ளும். ஆனாலும், ஒவ்வொன்றின் சொந்த எண்ணும் அந்தக் கணக்கில் பதிவாகியிருக்கும். கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஸ்விட்ச்சையும் கேட்கலாம். எந்த போர்ட்டில் இணைப்பு இல்லை என்று அதுவும் சொல்லிவிடும்.

ஒரே முகவரியைப் பல இயந்திரங்கள் பகிர்வது இன்டர்நெட்டின் அடித்தளத்திலும் உண்டு. வெப்சைட்டின் பெயரை ஐ.பி முகவரியாக மாற்றும் வேலையின் உச்சியில் இருப்பவை 'ரூட் சர்வர்கள்'. பெயரளவில் அவை 13தான். ஆனால், அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் 1,500க்கும் மேற்பட்ட சர்வர் அமைப்புகள் இருக்கின்றன. சென்னையிலிருந்து கேட்டால் ஓர் இயந்திரம் பதில் சொல்லும். பாரிஸிலிருந்து அதே முகவரியைக் கேட்டால் வேறொன்று சொல்லும். ஓர் ஊரில் உட்கார்ந்து பார்த்து 'எல்லாம் நலம்' என்று முடிவுகட்ட முடியாது. அதனால் பல நாடுகளிலிருந்து சோதிக்கிறார்கள். பதில் சொன்ன இயந்திரம் எது என்று கேட்டறியவும் வழி உண்டு. அதற்கான விதிமுறை 2007இல் வெளியானது.

உங்கள் கையிலும் இருக்கிறது!

உங்கள் போனிலும் வைஃபை, மொபைல் டேட்டா என இரண்டு வழிகள் உண்டு. அவற்றுக்கு முகவரி ஒன்றல்ல என்றாலும், மறைக்கும் வித்தை ஒன்றுதான். வைஃபை நின்றால் போன் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும், வீடியோவும் நிற்காமல் ஓடும். அன்றைய டேட்டா தீர்ந்ததாக எஸ்.எம்.எஸ் வரும்போதுதான் விஷயம் புரியும்.

எனவே, மாதம் ஒருமுறை மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபை மட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வைஃபையை அணைத்து, டேட்டாவைப் பாருங்கள். இன்வெர்ட்டருக்கும் இதே வழிதான்: மின்சாரம் இருக்கும்போதே மெயினை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். சர்வர் அறைகளிலும் வேலை குறைந்த நேரமாகப் பார்த்து, ஒரு கேபிளை வேண்டுமென்றே உருவிப் பார்ப்பதுண்டு. மாற்று ஏற்பாடு வேலை செய்கிறதா என்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியும்.