உப்பளத்துக்கு மேற்கே ஒரு தங்க வயல்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தில் கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்துவார்கள். சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பின்னணியில் ஒரு செல்ஃபி, அப்புறம் பயணம் தொடரும். அந்தப் பாத்திகளில் வெறுங்காலோடு நின்று உப்பு வாருகிறவர்கள் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்துவதில்லை. வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையாவது முடிய வேண்டுமே!

மழை வந்தால் அந்த வேலையும் நின்றுவிடும். உப்பளத்தை நம்பிய வீட்டில் அடுப்பு எரிய வேறு வழி தேட வேண்டும். வேறு வழி என்றால், பெரும்பாலும் வேறு ஊர்தான்.

இது இன்றைய கதை மட்டுமல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் உலுக்கியது. மரக்காணத்தில் வந்து முடிகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதன் சென்னை நகரப் பகுதி அந்தப் பஞ்சத்தில்தான் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. மண் வெட்டினால் கூலி என்ற நிலை. அதே காலத்தில், மரக்காணத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் மேற்கே, மைசூர் சமஸ்தானத்தில் வேறொரு மண்ணை வெட்ட ஆள் தேவைப்பட்டது. அதுதான் கோலார் தங்க வயல்.

நியூசிலாந்துப் போரிலிருந்து வந்தவர்

'கே.ஜி.எஃப்' படமும் 'தங்கலான்' படமும் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் புதிதல்ல. ஆனால், உண்மைக் கதை ஓர் அயர்லாந்துக்காரரிடம் தொடங்குகிறது. மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லவேல் நியூசிலாந்துப் போரில் சிப்பாயாக இருந்தவர். அங்கே நடந்த தங்க வேட்டை அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்று பெங்களூரில் குடியேறியவர், கோலார் பக்கம் தங்கம் இருப்பதாக ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரையைப் படித்தார். 1871-ல் மாட்டு வண்டி கட்டிக் கிளம்பிவிட்டார். 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதியும் வாங்கினார். ஆனால், அவர் கையிலிருந்த பணத்துக்கு அந்தப் பாறை மசியவில்லை. 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகுதான் சுரங்கம் சூடுபிடித்தது.

பெங்களூரில் லவேல் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. பாறையை உடைத்தவர்கள் பெயரில்?

மூங்கில் தட்டி வீடும் மூன்று கிலோமீட்டர் ஆழமும்

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்தும், அன்று மரக்காணத்தை உள்ளடக்கியிருந்த தென் ஆர்க்காட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பத்தினர். கங்காணியும் ஒப்பந்தக்காரரும் முன்பணம் கொடுத்து அழைத்துப் போனார்கள். ஊரில் பண்ணையாரிடம் கைகட்டி நிற்பதைவிட, மாதக் கூலி கிடைக்கும் இருட்டுச் சுரங்கம் மேல் என்று அவர்களுக்குத் தோன்றியது.

போன இடத்தில் மூங்கில் தட்டி வைத்த குடிசை வரிசைகள். அதற்கு 'லைன்' என்று பெயர். 1902-ல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர் நகருக்கே அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது. மின்சாரம் வந்த பிறகு சுரங்கம் இன்னும் ஆழம் போனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல்.

பூமியின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதும் உண்டு. 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் அதிரும். கணவனோ மகனோ எந்த ஷிஃப்டில் இறங்கியிருக்கிறான் என்று பெண்கள் கணக்குப் பார்க்கும் நேரம் அது.

வெடிக்குத் தப்பியவர்களைத் தூசி பிடித்தது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்தில்லை. 1940-களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, 40 சதவிகிதத்துக்கும் மேலானோருக்கு அந்த நோய் இருந்தது. நாற்பது வயதில் மூச்சு வாங்கும் அப்பா, அவருடைய இடத்தில் வேலைக்குப் போகும் மகன் என்று பல குடும்பங்களின் வரலாற்றை இரண்டே வரியில் எழுதிவிடலாம்.

பாறையோடு போராடியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1930-ல், கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது, 'நாங்கள் என்ன குற்றவாளிகளா?' என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1946 நவம்பர் 4 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்னொரு பக்கம் படிப்பும் வளர்ந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவருடைய எழுத்துகள் சாம்பியன் ரீஃப்ஸிலிருந்து புத்தகங்களாக வெளிவந்தன. ஊரில் எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், சுரங்க வாசலில் புத்தகம் வாங்கினார்கள்.

சங்கு நின்ற நாள்

சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் வெளியே வந்தது. கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் சில கிராம்தான் மிச்சம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மூன்று, நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் ஏது? ஆர்க்காட்டுக் கிராமத்தில் நிலமும் இல்லை, அடையாளம் சொல்ல ஆளும் இல்லை.

இன்று மாரிக்குப்பம் நிலையத்தில் விடியற்காலையிலேயே கூட்டம். பேரன்களும் பேத்திகளும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். ஊரைச் சுற்றி, தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் மலை மலையாக நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசி வீட்டுக்குள் வருகிறது. தங்கம் போன வழியில் தூசி போகவில்லை.

மரக்காணத்திலும் மண்ணில் விளைவது ஒருவருக்கு, வெயில் இன்னொருவருக்கு என்பதுதான் நிலைமை. ஒரேயொரு ஆறுதல், உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. வேலையில்லாத மாதங்களுக்கு அது போதாதுதான். ஆனால், மழைக்குப் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு குடும்பத்தையாவது அது நிறுத்தி வைக்குமென்றால், கோலார் சொல்லும் பாடம் வீண்போகவில்லை.

அடுத்த முறை மரக்காணத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள், செல்ஃபி எடுத்த கையோடு அந்தப் பாத்திப் பக்கமும் ஒரு பார்வை பார்க்கலாம்.