சிறு திருகும் பெருந் தடையும்

நல்லதொரு கருவி தோன்றிய அளவிலே அது நாடெங்கும் வழக்கிற்கு வந்துவிடும் என்று எண்ணுதல் பொருந்தாது. கருவியை ஆக்குவோன் ஒருவன், கையாளுவோன் மற்றொருவன், அதனால் பயனடைவோன் வேறொருவன். இம்மூவர் உள்ளமும் இசைந்தாலன்றிப் புதுமை நிலைபெறாது. பல்வரிசையைச் செப்பஞ் செய்யும் மருத்துவத்தில் வழங்கும் மினி இம்பிளாண்ட் என்னும் சிறு திருகு இதற்குத் தக்க சான்றாகும்.

ஆற்றில் ஓர் ஓடத்தில் நின்று மற்றோர் ஓடத்தைக் கயிறிட்டு இழுப்பவன், தன் ஓடமும் உடன் நகர்தலைக் காண்பான். கரையில் முளையடித்து இழுப்பின் இத்தொல்லை இல்லை. ஒரு பல்லைப் பிடியாகக் கொண்டு மற்றொரு பல்லை இழுக்கும்போதும் பிடிப்பல் இவ்வாறே இடம்பெயர்கின்றது. இதனைத் தடுக்க முன்னாளில் தலையிலும் கழுத்திலும் வார் பூட்டினர். சிறுவர் அதனை நாடோறும் பல மணி நேரம் அணிந்தாலன்றிப் பயனில்லை. அணிய நாணினோர் பலர். இக்காலத்திலோ, 1.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள டைட்டானியக் கலவைத் திருகைத் தாடையெலும்பிற் பொருத்தி, அதனையே முளையாகக் கொள்ளுகின்றனர். வேலை முடிந்தபின் அதனைக் கழற்றிவிடுவர்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1945-ம் ஆண்டில் அமெரிக்காவில் கெயின்ஸ்போர்த், ஹிக்லி என்னும் இருவர் நாய்களின் தாடையில் விட்டாலியத் திருகுகளை இட்டுச் சோதித்தனர். ஏறக்குறைய ஒரு திங்களில் அவையனைத்தும் தளர்ந்துபோயின. 1983-ல் கிரீக்மோரும் எக்லண்டும் ஒரு நோயாளியின் மேல்முன் பற்களை இத்தகைய திருகின் துணையால் சுமார் 6 மில்லிமீட்டர் மேலேற்றிக் காட்டினர். 1997-ல் ஜப்பானியராகிய கனோமி 1.2 மில்லிமீட்டர்த் திருகை விவரித்த பின்னரே இம்முறை பரவலாயிற்று. இடையே அரை நூற்றாண்டு கழிந்தது.

பரவிய பின்னும் மருத்துவர் பலர் தயங்குவதேன்? முதலாவது, கைப்பழக்கமின்மை. கம்பி வளைக்கப் பயின்றோர் பலர் எலும்பில் திருகு இடப் பயின்றாரல்லர். ஆதலின் நோயாளியை அறுவை மருத்துவரிடம் அனுப்புகின்றனர். அதனால் நாளும் பொருளும் மிகுகின்றன. இரண்டாவது, பல்வேரிற் பட்டுவிடுமோ, இடையிற் கழன்றுவிடுமோ என்னும் ஐயம். இவ்வையம் வீணன்று, நூற்றுக்கு ஏறக்குறைய 13 திருகுகள் தளர்ந்துவிடுவதாக ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆயினும் தளர்ந்ததை நீக்கி வேறிடத்தில் இடலாம். மூன்றாவது, நோயாளியின் அச்சம். எலும்பில் திருகு என்றவுடன் எவர்தாம் நடுங்கார்?

இத்தடைகளுட் பெரும்பாலன உலோகத்தின் குறையால் வந்தனவல்ல, கல்வியின் குறையால் வந்தனவே என்பது நமது துணிபு. மாதிரித் தாடையிற் பன்முறை பயின்று, தேர்ந்தவர் அருகிருக்க முதல் திருகை இட்டவன் பின்னர் அஞ்சான். ஆதலின் இப்பயிற்சியைக் கல்லூரி நாளிலேயே அளித்தல் வேண்டும். நோயாளிக்கோ, அவ்விடம் மட்டும் மரத்துப்போக மருந்திடுவர் என்பதையும், பலர்க்கு இந்நோவு பல் பிடுங்கும் நோவினுங் குறைவே என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும். குறைகளை மறைத்தலுங் கூடாது. எல்லார்க்கும் இத்திருகு வேண்டுவதன்று என்பதனையும் சொல்லுதல் நேர்மையாம்.

எம்மொழியில் எடுத்துரைப்பது? தமிழ் பயிலும் நமக்கும் இங்கே பங்குண்டு. மருத்துவர் ஆங்கிலச் சொற்களை அடுக்க, பிள்ளையுடன் வந்த தாய் ஒன்றும் விளங்காமல் தலையசைத்து வீடு சென்றால், மீண்டும் வருவாளோ? 1847-ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதோ? பல்மருத்துவம் பயிலும் நண்பரும் நாமும் கூடி, இம்முறையின் நன்மை, இடர், செலவு, காலம் ஆகியவற்றைத் தெளிந்த தமிழில் ஒரு பக்கத்தளவில் எழுதி மருத்துவமனைகளுக்கு அளிப்போமாக. கருவியைக் கடல்கடந்து பெற்றோம். அதனை விளக்குஞ் சொல்லையேனும் நாம் தருதல் கடனன்றோ?